எங்கள் காட்டுப் பழம்

பொல்தாவா, 24 ஜூன் 1986

அன்புள்ள மோத்ரியா அக்காவுக்கு,

உன் தங்கை லீதா எழுதுகிறேன். தீமிஷ் அத்தானும் உன் மகள் உல்யானாவும் சௌக்கியம்தானே? இங்கே என் புருஷன் சவாவும் மாமியார் ஹொர்பினாவும் நலம். நானும் நலம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. அக்கா, நான் முழுகாமல் இருக்கிறேன், இரண்டரை மாதம்.

முன்பு இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தில் கலைந்ததால் இந்தத் தடவை வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கு முப்பத்திரண்டு வயதாகிறது. இதுவும் தங்காவிட்டால் இனி ஆசையே வைக்கவேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மே மாதத் தொடக்கத்தில் ஈஸ்டருக்கு உன் வீட்டில் வந்து பத்து நாள் டேரா போட்டேனே, அப்போதே வயிற்றில் இருந்திருக்கிறது. உங்களுக்குக் கிழக்கே அந்த அணுமின் நிலையத்தில் தீயை அணைத்துவிட்டோம் என்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொன்னார்களே, அதே வாரம். நீ அவித்துப் போட்ட வரேனிக்கிக் கொழுக்கட்டையில் பாதி இவனுக்கோ இவளுக்கோதான் போயிருக்கிறது.

இப்போது என் நாக்குக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. லோசோவேக் காட்டுக் கரும்பழத்தை வைத்து மெல்லிய மாவில் மடித்த வரேனிக்கிதான் வேண்டுமாம். மாமியாரும் வரேனிக்கி செய்கிறாள். புளித்த பாலும் சோடாவும் போட்டுப் பிசைந்து, பானை வாயில் துணி கட்டி ஆவியில் வேகவைக்கிறாள். ஒவ்வொன்றும் தலையணை மாதிரி இருக்கிறது. இதை நீ யாரிடமும் சொல்லித் தொலைக்காதே.

பழம் பழுத்ததும் ஒரு ஜாடி அனுப்பு. மாவை நானே பிசைந்துகொள்கிறேன், பக்குவத்தை மட்டும் எழுது. பிள்ளைத்தாய்ச்சி வாய்விட்டுக் கேட்டு இல்லை என்று சொன்னால் அந்த வீட்டுத் துணிமணியை எலி கடிக்கும், நினைவிருக்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
லீதா

லோசோவே, 9 ஜூலை 1986

என் கண்ணே லீதா,

நாங்கள் மூவரும் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போய் அழுதேன். மாட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. உன் வயிற்றில் இருப்பது நல்லபடி தங்கும். தங்கியே ஆகவேண்டும்.

கரும்பழம் இந்த வருஷம் இல்லை. மே மாதக் கடைசியில் உறைபனி விழுந்து பூவெல்லாம் கருகிவிட்டது. அதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. உங்கள் ஊரில் செர்ரி கொட்டிக் கிடக்குமே, அதில் செய்.

மாவை இரண்டு தரம் சலி. மூன்று தம்ளர் மாவுக்கு ஒரு சிட்டிகை உப்பு. வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசை. கையில் ஒட்டாமல் வரும்வரை விடாதே, அதுதான் வேலை. பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி அரைமணி நேரம் மறந்துவிடு. மேசையின் மரக்கோடு தெரியும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து, தம்ளர் வாயால் வெட்டு. நடுவில் பழம், அதன்மேல் அரைக் கரண்டி சர்க்கரை, சாறு ஓடாமலிருக்கத் துளி மாவு. ஓரத்தை ஒருமுறை அழுத்து. மறுமுறை பின்னல் போடுவதுபோல மடித்துக்கொண்டே போ. நீ சின்ன வயதிலிருந்தே அந்த இரண்டாவது முறையை ஏமாற்றுவாய், அதனால்தான் உன்னுடையது எப்போதும் கொதிநீரில் வாயைப் பிளக்கும்.

உடம்பை ஒளிக்காமல் எழுது. ரத்தம் பரிசோதித்தார்களா? தலைசுற்றல் உண்டா? தொண்டை கரகரக்கிறதா? பால் குடித்தால் கடைப்பாலையே குடி. பால்பொடி கிடைத்தால் இன்னும் நல்லது.

உன் அக்கா,
மோத்ரியா

பொல்தாவா, 26 ஜூலை 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்றாம் மாதத்தைத் தாண்டிவிட்டேன். சவா என்னை வாளிகூடத் தூக்கவிடுவதில்லை.

செர்ரியில் செய்தேன். பன்னிரண்டு வாயைப் பிளந்தன, நீ சொன்னபடியே. ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. கடைப்பாலைப் பன்றிகூடக் குடிக்காது என்று சொல்லும் என் அக்கா எப்போதிலிருந்து பால்பொடிக்குப் பரிந்து பேசுகிறாள்?

போன வாரம் ஆஸ்பத்திரியில் எல்லாக் கர்ப்பிணிகளிடமும் ஒரு நர்ஸ் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தாள். "மே மாசம் எங்கம்மா இருந்தீங்க?" வடக்கே போயிருந்ததாகச் சொன்னவர்களைத் தனி அறைக்கு அழைத்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண் கீயிவ் போய்வந்தேன் என்றாள். வெளியே வரும்போது தலைத்துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு வந்தாள். இந்த வாரம் வரிசையில் அவளைக் காணோம். கலைத்துவிடச் சொன்னார்கள் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு வேறு ஏதாவது கோளாறாக இருக்கும், பாவம். என் முறை வந்தது. "பொல்தாவாலதான் இருந்தேன், எங்கயும் போகல" என்று சொல்லிவிட்டேன். வீண் வம்பு எதற்கு?

பனி எல்லா இடத்திலும் விழுந்திருக்காது. ஓடைக்கு அப்பால் பள்ளத்தில் பார். ஜாடி வேண்டாம், ஒரு கிண்ணம் போதும்.

லீதா

லோசோவே, 18 ஆகஸ்ட் 1986

என் செல்லமே,

பதில் தாமதமாகிவிட்டது. வைக்கோல் அள்ளும்போது கணுக்கால் பிசகிக்கொண்டது, இப்போது பரவாயில்லை. உல்யானா நான்காம் வகுப்புக்குப் போகப்போகிறாள்.

நீ பொல்தாவாவில்தான் இருந்தாய். யார் எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல். மாமியாரிடமும் சொல்லி வை. சவாவுக்கு வாயில் எதுவும் நிற்காது, அவனிடம் கண்டிப்பாகச் சொல்.

பள்ளத்திலும் பழம் இல்லை. இருந்தாலும் இந்தக் கோடையில் யாரையும் காட்டுக்குள் விடவேண்டாம் என்று வனக்காவலர்களுக்கு மேலிடத்து உத்தரவு, காட்டுத் தீ பயம். வனக்காவலன் பெண்டாட்டியே வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் உன் அத்தான் தலைதான் உருளும். எலி வேண்டுமானால் என் குளிர்கோட்டைத் தின்றுகொள்ளட்டும், அது பழசுதான்.

குழந்தை அசைகிறதா? எந்த நாளில் முதலில் அசைந்தது என்று எழுது. காத்திருக்கிறேன்.

மோத்ரியா

பொல்தாவா, 3 செப்டம்பர் 1986

அக்காவுக்கு,

அசைகிறது. ஆகஸ்ட் இருபதாம் தேதி, மாலையில், தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தபோது.

ஞாயிறன்று சந்தையில் உங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். பேச்சிலேயே கண்டுபிடித்துவிட்டேன். மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாளாம். கரும்பழம் எப்படி என்று விசாரித்தேன். "இந்த வருஷம் மாதிரி காய்ச்சு நான் பாத்ததில்ல பொண்ணே. குனிஞ்சு பறிக்கத்தான் ஆள் இல்ல" என்றாள். உறைபனியா, எங்கே என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

பழம் இருக்கிறது. அக்காவும் இருக்கிறாள். எனக்கு ஏன் ஒரு கிண்ணம் இல்லை? ஒன்று, பழத்தை அனுப்பு. இல்லை, ஏன் அனுப்ப மாட்டாய் என்று எழுது. எனக்குத் தூக்கம் வருவதில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன். அசைவு நின்றால் பயமாக இருக்கிறது, அசைந்தாலும் பயமாக இருக்கிறது.

லீதா

லோசோவே, 20 செப்டம்பர் 1986

தங்கச்சிக்கு,

கோபம் தணியட்டும். ஜாடி இத்துடன் வருகிறது. செய்தித்தாளில் சுற்றி மரத்தூள் நிரப்பி, பெட்டியைத் துணிபோட்டுத் தைத்திருக்கிறேன். உடையாமல் வந்தால் அது என் சாமர்த்தியம்.

உன் அத்தானுக்குப் பயந்துதான் முதலில் மறைத்தேன். பிறகு நானும் உல்யானாவும் ஓடையைத் தாண்டிப் போய்ப் பறித்துவிட்டோம். இளஞ்சூட்டில் அவற்றின் சாற்றிலேயே வேகவைத்து மூடியிருக்கிறேன். சாற்றை வடித்துவிட்டுப் பழத்தை மட்டும் மாவில் வை. சாற்றைத் தேனோடு கலந்து மேலே ஊற்றிக்கொள்.

நிம்மதியாகச் சாப்பிடு. நிம்மதியாகத் தூங்கு.

மோத்ரியா

பொல்தாவா, 4 அக்டோபர் 1986

என் உயிரான அக்காவுக்கு,

ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது. மூடியில் நீ ஒட்டியிருந்த சீட்டைத்தான் முதலில் படித்தேன். "எங்கள் காட்டுப் பழம், 1986." உன் கோணல் எழுத்து. அதைப் படித்துவிட்டு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமியார் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். ஒன்றுமில்லை, சந்தோஷம்தான் என்றேன்.

மாவு நானே பிசைந்தேன். பக்கத்தில் நின்றுகொண்டு மாமியார் விடாமல் நச்சரித்தாள். "இவ்ளோ மெல்லிசா தேய்ச்சா அதுக்குப் பேரு மாவா? இதுல ஜன்னலுக்குத் திரை தைக்கலாம்." சவா பதினெட்டு விழுங்கினான். மாமியார் பல்லெல்லாம் நீலமாக, "சுமார்தான்" என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் தட்டை நீட்டினாள். ஒன்றுகூட வாயைப் பிளக்கவில்லை அக்கா.

அன்றிலிருந்து நன்றாகத் தூங்குகிறேன். இன்னொரு சேதி. நவம்பர் விடுமுறை முடிந்ததும் உன்னிடம் வந்துவிடுகிறேன். பிரசவத்தையும் அங்கேயே பார்த்துக்கொண்டு வசந்தகாலம் வரை இருக்கிறேன். உன் மாட்டுப் பாலும் நீ வடிக்கும் தயிர்க்கட்டியும் இருந்தால் எனக்கு வேறென்ன வேண்டும்? சவா சம்மதித்துவிட்டான். பயணச்சீட்டு வாங்கப்போகிறான்.

உன் லீதா

லோசோவே, 13 அக்டோபர் 1986

லீதா,

இதைத் தபாலில் போடவில்லை. ரயிலில் வேலை பார்க்கும் தெரிந்த பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடு.

இங்கே வராதே.

அந்தப் பழம் எங்கள் காட்டுப் பழம் இல்லை. வனத்துறைக் கூட்டத்துக்காக உன் அத்தான் கார்பாத்திய மலைப்பக்கம் போனான். அங்கே வாங்கிவரச் சொன்னேன். சீட்டை மட்டும் நான் எழுதினேன். ஒரு கிண்ணம் கிடைத்தால் உன் பயம் தீரும் என்று நினைத்தேன். அதை நம்பி நீ கிளம்பி வருவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உறைபனியும் விழவில்லை, தீயும் பிடிக்கவில்லை. மே மாதக் கடைசியில் கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு மூன்று பேர் வந்தார்கள். அத்தான்தான் காட்டுக்குள் கூட்டிப்போனான். பாசியில் வைத்தால் கத்தியது. பழச்செடியில் வைத்தால் கத்தியது. திரும்பும் வழியில் எங்கள் முற்றத்தில் பால் குடத்துக்கு நேரே நீட்டினார்கள். அவர்களில் சின்னவன் முகம் வெளுத்துப் போய், "இதப் பன்னிக்குக்கூட ஊத்தாதீங்கக்கா" என்றான். பெரியவன் அவனை அதட்டினான். வெளியே யாரிடமும் பேசமாட்டேன் என்று அத்தானிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குள் நீ வந்து போய்விட்டாய். பத்து நாள், லீதா. காலையில் கறந்த பால், மத்தியானம் தயிர்க்கட்டி வைத்த வரேனிக்கி, அதன்மேல் இரண்டு கரண்டி புளித்த பாலாடை. நீ போதும் போதும் என்றாய். "உடம்புல ஒண்ணும் இல்ல, தின்னு" என்று நான்தான் தட்டில் தள்ளினேன். என் கையாலேயே ஊட்டிவிட்டேன். ஒவ்வொரு நாளும் மாவில் கை வைக்கும்போது அதுதான் நினைவுக்கு வருகிறது.

ஜூலையிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் உன்னையும் அந்தத் தனி அறைக்குக் கூட்டிப்போயிருப்பார்கள். உனக்கு இனி ஒரு பிள்ளை இல்லை. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்தக்கூடாது என்பார்கள், அதையும் இப்போது செய்துவிட்டேன்.

என்னைத் திட்டி எழுது. ஆனால் எழுது.

மோத்ரியா

லோசோவே, 10 நவம்பர் 1986

லீதா,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. கடிதம் வந்து சேர்ந்ததா என்றாவது தெரியவேண்டும். நீ வரவில்லை என்பது மட்டும் ஆறுதல். ஒவ்வொரு பேருந்துக்கும் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். தபால்காரி என்னைக் கண்டால் தெருவை மாற்றிக்கொண்டு போகிறாள்.

நீ நலமா?

மோத்ரியா

பொல்தாவா, 25 நவம்பர் 1986

அக்காவுக்கு,

நான் நலம். எட்டாவது மாதம். குழந்தை உதைக்கிறது.

உன்மேல் கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. உட்கார்ந்தால் எழுத வரவில்லை, அவ்வளவுதான். கடிதத்தை எரித்துவிட்டேன், இனி நானும் உன் ரயில் பெண்ணிடமே கொடுத்தனுப்புகிறேன். பயணச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். அக்கா வீட்டில் எல்லாருக்கும் மஞ்சள் காமாலை என்று சவாவிடம் ஒரு பொய். பொய் சொல்வதில் நானும் உன் தங்கைதான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். எனக்குப் பழத்தின்மேல் ஆசையே இல்லை. முதல் கடிதத்தில் இருந்தது, உண்மை. அந்த நர்ஸ் வந்து கேட்ட நாளோடு அது போய்விட்டது. அதற்குப் பிறகு நான் பழம் கேட்கவில்லை அக்கா. நான் தின்றது விஷமா இல்லையா என்று கேட்டேன். நேராகக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. பிறந்ததிலிருந்து நீ எனக்கு எதையும் இல்லை என்று சொன்னதில்லை. உன் கல்யாணச் சட்டையைக் கேட்டபோதுகூட அவிழ்த்துக் கொடுத்தாய். அந்த நீ ஒரு கிண்ணம் பழத்தை மறுத்தாய் என்றால் காரணம் ஒன்றுதான் இருக்கமுடியும். நீ என்னைப் பயமுறுத்தாமலிருக்க எழுதிய ஒவ்வொரு சாக்கும் எனக்குப் பதிலாகத்தான் வந்தது. பனி என்று படித்ததும் உன் வீட்டில் தின்றதையெல்லாம் விரல்விட்டு எண்ணினேன். தீ என்று படித்ததும் மறுபடி எண்ணினேன்.

அப்புறம் ஜாடி வந்தது. அனுப்பிவிட்டாள், அப்படியானால் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். ஜாடி வந்த நாளிலிருந்து உன் கடிதம் வரும்வரை பன்னிரண்டு நாள். இந்த ஏழு மாதத்தில் நான் பயமில்லாமல் இருந்தது அந்தப் பன்னிரண்டு நாள்தான். அதற்காக உன்னைத் திட்டுவதா கும்பிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இனிமேல் ஒரு பொய்யும் வேண்டாம். மாமியார் இப்போது கூப்பிடுகிறாள்.

லீதா

பொல்தாவா, 14 ஜனவரி 1987

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்து. ஒன்பதாம் தேதி விடியற்காலையில் பெண் பிறந்தாள். இரண்டு கிலோ எண்ணூறு. யூஸ்தினா என்று பெயர் வைத்திருக்கிறோம். கை கால், கண், காது எல்லாவற்றையும் நர்ஸ் பார்ப்பதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அழுகிறாள், பால் குடிக்கிறாள், தூங்குகிறாள்.

டாக்டரம்மா கடைசியாக ஒருமுறை கேட்டாள். "மே மாசம் எங்க இருந்தே?" "லோசோவேல, எங்க அக்கா வீட்ல" என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு எழுதிக்கொண்டாள். இப்போதைக்குக் குறை ஒன்றும் தெரியவில்லையாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும், அவ்வளவுதான் சொல்லமுடியும் என்றாள்.

நேற்று பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. தோன்றியதும் மார்பில் பால் நின்றுவிட்டது. ஏழு மாதமாக நீ என் உடம்பையே விசாரித்தாய். நானும் என் உடம்பையே எழுதினேன். உங்கள் பாலைப் பன்றிக்குக்கூட ஊற்றக்கூடாது என்றால் அதை யார் குடிக்கிறார்கள்? எனக்கு மலைப்பக்கத்திலிருந்து பழம் வாங்கி அனுப்பினாய். உல்யானா என்ன சாப்பிடுகிறாள்?

சாக்கு எழுதாதே.

லீதா

லோசோவே, 28 ஜனவரி 1987

லீதாவுக்கும் குட்டி யூஸ்தினாவுக்கும்,

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். பெண் என்று படித்ததும் அத்தான் எழுந்து வெளியே போய்விட்டான். வந்தபோது கண் சிவந்திருந்தது, பனிக்காற்று என்றான்.

கேட்டாய், சொல்கிறேன், இதுவும் ரயில் பெண்ணின் கையில்தான் வருகிறது. பாலை உல்யானா குடிக்கிறாள். கடையில் ரொட்டியும் வினிகரும் டப்பா மீனும்தான் இருக்கின்றன. பால்பொடி மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, வரிசையில் எனக்கு முன்னாலேயே தீர்ந்துவிடுகிறது. மாட்டை விற்கலாம், ஆனால் விற்றுவிட்டு அவளுக்கு எதைக் கொடுப்பேன்? போன திங்கள் தயிர்க்கட்டி வைத்து வரேனிக்கி செய்தேன். பத்து வயதுப் பிள்ளை, பசியோடு பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறாள். தட்டை வைத்துவிட்டு நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். அவள் சாப்பிடுவதை ஜூனிலிருந்து நான் பார்த்ததில்லை.

டிசம்பரில் பள்ளிக்கூடத்துக்கு யாரோ டாக்டர்கள் வந்து எல்லாப் பிள்ளைகளின் கழுத்திலும் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். பதினொரு பேரைத் தனியாக நிறுத்திப் பெயர் எழுதிக்கொண்டார்கள். உல்யானா அதில் ஐந்தாவது. பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கப்போன அத்தானிடம், கையெழுத்துப் போட்டது மறந்துவிட்டதா என்று கேட்டார்களாம்.

அவளை உன்னிடம் வைத்துக்கொள், லீதா. நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. கைக்குழந்தை இருக்கும் வீடு, மாமியார் வீடு, எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். பதிலுக்குக் காத்திருந்தால் என் மனம் மாறிவிடும், அதனால் காத்திருக்கப்போவதில்லை. சனிக்கிழமை அத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறுகிறான். அங்கே பள்ளியில் சேர்த்துவிடு. நீங்கள் சாப்பிடுவதைச் சாப்பிடட்டும். அவள் கையில் நான் தின்பண்டம் எதுவும் கொடுத்தனுப்பமாட்டேன், வழிக்குக்கூட இல்லை. வெறுங்கையோடு அனுப்பினாளே என்று உன் மாமியார் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. சித்திக்குப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, நீ போய் உதவி பண்ணவேண்டும் என்றேன். பெருமை தாங்கவில்லை. தொட்டிலாட்டும் பாட்டு பழகிக்கொண்டிருக்கிறாள். பொய் வேண்டாம் என்றாய். இந்த ஒரு பொய்யை மட்டும் நீயும் சேர்ந்து காப்பாற்று.

இன்று மாலை அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். "நான் எப்பம்மா திரும்பி வருவேன்?" என்று கேட்டாள். கோடை விடுமுறைக்கு என்றேன். ஆக, இரண்டு பொய்.

உன் அக்கா,
மோத்ரியா